கெர்னல் மாட்யூல்ல யூசர் டைப் பண்றத எப்படி பத்திரமா வாங்குறது (உறைபனி அலாரத்த வச்சு)

டிசம்பர் ஜனவரி வந்தா ஊட்டிக்கிட்ட தலைகுந்தா பக்கம் தோட்டம் வச்சிருக்கவங்களுக்கு உறைபனி கவலை தான், அதனால ராஸ்பெர்ரி பை-ல ஒரு சென்சார மாட்டி "இத்தன டிகிரிக்கு கீழ போனா அலாரம் அடி"ன்னு செட் பண்ற சின்ன டிரைவர் எழுதுறோம்னு வச்சுக்கோங்க. உண்மைய சொன்னா இதுக்கு கெர்னல் மாட்யூலே (லினக்ஸோட மையமான கெர்னலுக்குள்ள சேர்ந்து ஓடுற கோட்) தேவையில்ல, சாதாரண ப்ரோக்ராம்லயே முடிச்சிடலாம், ஆனா கத்துக்க நல்ல சைஸ். ப்ராக்-ல (/proc, கெர்னலோட பேசுறதுக்கான ஃபைல்கள் இருக்கிற இடம்) ஒரு ஃபைல் திறந்து வைக்கிறோம், யூசர் அதுல எக்கோ கமாண்ட் போட்டு நம்பர் அனுப்புவாரு, நம்ம ரைட் ஃபங்ஷனுக்கு ஒரு பாயிண்டரும் (அந்த டெக்ஸ்ட் இருக்கிற மெமரி அட்ரஸ்) ஒரு நீளமும் வரும்.

அந்த பாயிண்டர நேரா தொடவே கூடாது. அது யூசரோட மெமரி, ஸ்வாப்ல (டிஸ்க்ல) போயிருக்கலாம், மேப்பே ஆகாம இருக்கலாம், வேணும்னே கெர்னல் அட்ரஸ கூட குடுத்திருக்கலாம். "என் போர்டுல ஓடுச்சே"ம்பாங்க. பை 4-ல இருக்கிற கார்டெக்ஸ் ஏ72-க்கு பான்-ங்கிற பாதுகாப்பு (கெர்னல் யூசர் மெமரிய நேரா தொடாம தடுக்கிறது) ஹார்ட்வேர்ல கிடையாது, அதனால சும்மா ஓடிடலாம், பை 5-ல கொண்டு போனா அங்கயே விழும். 2017-ல 4.13 கெர்னல்ல வெயிட்ஐடி சிஸ்டம் கால்ல (ப்ரோக்ராம் கெர்னல்கிட்ட வேலை கேக்கிற வழி) யூசர் அட்ரஸ செக் பண்ற ஒரு வரி விட்டுப்போச்சு, அவ்ளோதான், சாதாரண யூசர் கெர்னல் மெமரியிலயே எழுத வழி கிடைச்சிடுச்சு.

சரி, எழுதுவோம். காப்பிய வாங்கி வைக்க ஸ்டாக்ல 16 பைட்ல ஒரு பஃபர் போதும். வந்த நீளம் 16 இல்ல அதுக்கு மேல இருந்தா மைனஸ் ஈஇன்வால் (தப்பான இன்புட்ங்கிற எரர்) குடுத்து திருப்பி அனுப்பிடுங்க, 15-க்கு வெட்டி எடுத்துக்கலாமேன்னு தோணும், வேணாம், பாதி நம்பர வச்சு அலாரம் செட் ஆகும். அப்புறம் காப்பி_ஃப்ரம்_யூசர், யூசர் மெமரியில இருந்து பத்திரமா எடுக்கிற கெர்னல் ஃபங்ஷன். இது ஃபெயில் ஆனா எரர் நம்பர் தராது, எத்தன பைட் காப்பி ஆகலையோ அந்த எண்ணிக்கைய தரும், அத அப்படியே ரிட்டர்ன் பண்ணா எழுதி முடிச்ச பைட் கணக்குன்னு யூசர் நினைச்சுக்குவாரு, அதனால பூஜ்யம் இல்லன்னா மைனஸ் ஈஃபால்ட் (தப்பான அட்ரஸ்ங்கிற எரர்) நீங்களே குடுக்கணும். காப்பி ஆனதும் கடைசில நல் பைட்ட (டெக்ஸ்ட் முடிஞ்சதுன்னு காட்டுற பூஜ்யம்) நீங்க தான் போடணும், யாரும் போட்டு அனுப்ப மாட்டாங்க.

காப்பி ஒரே ஒரு தடவ தான். முதல்ல எட்டிப்பார்த்து செக் பண்ணிட்டு அப்புறம் திரும்ப யூசர் மெமரியில இருந்து எடுத்தா, நடுவுல இன்னொரு த்ரெட் அத மாத்தியிருக்கும். நீலகிரி ஏறுற வழியில கல்லார் செக்போஸ்ட்ல பிளாஸ்டிக் இருக்கான்னு வண்டிய சோதிச்சு விட்டப்புறம் வழியில பிளாஸ்டிக் பாட்டில ஏத்துற மாதிரி. உங்க கைல இருக்கிற காப்பிய தான் செக் பண்ணனும், அதையே தான் யூஸ் பண்ணனும்.

டெக்ஸ்ட்ட நம்பரா மாத்த கேஎஸ்டிஆர்டுஇண்ட்-ங்கிற கெர்னல் ஃபங்ஷன். எக்கோ கடைசில ஒட்டுற நியூலைன் ஒண்ண இது பொறுத்துக்கும், "12ஏபி" மாதிரி குப்பைய ஏத்துக்காது. "1.5"-யும் ஏத்துக்காது, கெர்னல்ல ஃப்ளோட் புழக்கம் கிடையாது, அதனால ஹெச்டபிள்யூமான் (கெர்னலோட ஹார்ட்வேர் கண்காணிப்பு) டிரைவர்கள் மாதிரி மில்லிடிகிரில வாங்குங்க, 1500-ன்னா ஒன்றரை டிகிரி. மைனஸும் வரணும், சைன் இல்லாத டைப் எடுத்துடாதீங்க. அப்புறம் மைனஸ் 20000-ல இருந்து 40000-க்குள்ள இருக்கான்னு ரேஞ்ச் பாருங்க. எல்லாம் சரின்னா வந்த நீளத்த முழுசா ரிட்டர்ன் பண்ணுங்க, கம்மியா சொன்னா எக்கோ மிச்சத்த புது நம்பரா திருப்பி அனுப்பும்.

(வெறும் ஒரே நம்பர்னா கேஎஸ்டிஆர்டுஇண்ட்_ஃப்ரம்_யூசர்-னு ரெடிமேடா இருக்கு. நீளமான டெக்ஸ்ட்டுக்கு மெம்டப்_யூசர்_நல், ஆனா நீளத்துக்கு உச்சவரம்பு நீங்க வைக்கணும்.)

ப்ராக்-க்கு பதிலா சிஸ்எஃப்எஸ்-ல (/sys) ஃபைல் வச்சு எழுதினா கதை வேற, ஸ்டோர் ஃபங்ஷனுக்கு வர்ற பஃபர் ஏற்கனவே கெர்னலோடது, நல் போட்டே வரும், அங்க காப்பி_ஃப்ரம்_யூசர் போட்டா தப்பு.

லாக் எழுதும்போது யூசர் குடுத்த டெக்ஸ்ட்ட பிரிண்ட்கே-வோட (கெர்னல் லாக்ல எழுதுற ஃபங்ஷன்) ஃபார்மட் இடத்துல வைக்காதீங்க, உள்ள ஒரு பர்சன்ட் குறி வந்தா சம்பந்தமில்லாத மெமரிய படிக்கும். எப்பவும் ஃபார்மட் இடத்துல "%s" குடுத்து, யூசர் டெக்ஸ்ட்ட தனியா அனுப்புங்க.

டெஸ்ட்ட தோட்டத்துல இருக்கிற போர்டுல பண்ணாதீங்க, அது ஹேங் ஆனா விடிகாலைல அந்த குளிர்ல யார் போய் ரீபூட் பண்றது. க்யூஈமு-ல (கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர ஓட்டுற சாஃப்ட்வேர்), கேசான் (மெமரி தப்ப கண்டுபிடிக்கிற வசதி) ஆன் பண்ண கெர்னல்ல ஓட்டுங்க. காலி ரைட், சரியா 15 பைட், சரியா 16 பைட், நியூலைன் இல்லாம, மைனஸ் 2000, இண்ட்டுல அடங்காத பெரிய நம்பர், கடைசியா ஒரு குட்டி சி ப்ரோக்ராம்ல பாயிண்டருக்கு பதிலா 1-ன்னு குடுத்து ரைட் கூப்பிடுங்க. அதுக்கு ஈஃபால்ட் வரணும், டிமெஸ்ஜி-ல (கெர்னல் லாக்ல) ஒரு வரி கூட கத்தக்கூடாது.