கட்டணப் போரில் சிறிய விமான நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய நிறுவனம் ஒன்று தங்கள் வழித்தடத்தில் புகுந்து பாதி விலைக்கு டிக்கெட் விற்கத் தொடங்கிவிட்டது, என்ன செய்யலாம் என்று பிராந்திய விமான நிறுவனங்களின் கட்டணப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கேட்கும்போதே தாங்கள் தயாரித்த திட்டத்தையும் காட்டுகிறார்கள். அதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. எங்கள் காலத்தில் செய்து, விமானங்களைக் குத்தகைக்கு விட்டவரிடமே திருப்பிக் கொடுக்கும் நிலை வரை போன அதே தவறுகள் வரிசை மாறாமல் இருக்கின்றன.

எரிபொருள் செலவைக் கவனி, அலுவலகச் செலவைக் குறை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

திரையில் தெரியும் விலைக்கு முழு விமானத்தையும் இறக்குவது

இந்த ஒன்றைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். இன்றும் எனக்குக் கோபம் வருவது இதைப் பார்க்கும்போதுதான்.

போட்டியாளர் 180 இருக்கை உள்ள ஏர்பஸ் ஏ320 விமானத்தைக் கொண்டுவருகிறார். டிக்கெட் தேடும் திரையில் அவருடைய விலை 60 என்று தெரிகிறது. உங்கள் விலை 100. எந்த நாணயமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். மேலாளர் பதறிப்போய், நாமும் 60 போடுவோம் என்கிறார். அன்று மாலைக்குள் எல்லா ஃபிளைட்டிலும், எல்லா இருக்கையிலும் 60 ஏறிவிடுகிறது.

அந்த 60 எத்தனை இருக்கைக்கு என்று யாரும் கேட்பதில்லை. பெரிய நிறுவனம் தன் இருக்கைகளை ஒரே விலையில் விற்பதில்லை. பல விலைப் படிகளாகப் பிரித்து வைத்திருக்கும். மிகக் குறைந்த படியில் கொஞ்சம் இருக்கைகள்தான் இருக்கும். அவை விற்றதும் அடுத்த படி திறக்கும். திரை காட்டுவது அந்த நேரத்தில் திறந்திருக்கும் படிகளில் மிகக் குறைந்ததை மட்டும். அவர் சில இருக்கைகளுக்கு வைத்த விலையை நீங்கள் மொத்த விமானத்துக்கும் வைத்துவிட்டால், அவருடைய சராசரிக் கட்டணம் உங்களுடையதைவிட மேலே போய்விடும். போரைத் தொடங்கியவர் அவர், அதிக அடி வாங்குவது நீங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அவருடைய விமானத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அந்தக் குறுகிய தூரத்துக்கு மட்டும் வந்தவர்கள் அல்ல. பெரிய நகரத்தில் இறங்கி, அங்கிருந்து வேறு நாட்டுக்கோ வேறு மூலைக்கோ போகிற கனெக்டிங் பயணிகள். அவர்களின் நீண்ட டிக்கெட்டிலிருந்து ஒரு பங்கு இந்தப் பாதைக்கு வருகிறது. அதனால் உள்ளூர் பயணியிடம் 60 வாங்கினாலும் அவருக்குத் தாங்கும். உங்களுக்கு அந்தப் பின்பலம் கிடையாது.

இப்போது கணக்கைப் பாருங்கள். உங்களிடம் 70 இருக்கை உள்ள ஏடிஆர் 72 இருக்கிறது என்று வையுங்கள். ஒரு தடவை பறக்க எல்லாம் சேர்த்து 4,900 செலவு. சராசரிக் கட்டணம் 100 என்றால் 49 பேர் ஏறினால் போதும், கையைக் கடிக்காது. அதாவது 70 சதவீதம் நிரம்பினால் சமன். சராசரி 60 ஆனால் சமன் செய்ய 82 பேர் வேண்டும். விமானத்தில் இருப்பதோ 70 இருக்கை. நின்றுகொண்டு பயணம் செய்ய ஆள் ஏற்ற முடியாது. ஒரு இருக்கை காலியில்லாமல் பறந்தாலும் ஒவ்வொரு தடவையும் 700 நஷ்டம்.

ஒரு தடவை பறக்கும் மொத்தச் செலவு, ஏடிஆர் போன்ற சிறிய டர்போபிராப் (சுழல்விசிறி) விமானத்துக்குத்தான் குறைவு. அந்தச் செலவை இருக்கைகளுக்குப் பங்கிட்டால் பெரும்பாலும் பெரிய ஜெட்டுக்குத்தான் குறைவு. எந்த இடத்தில் நமக்குப் பலம், எந்த இடத்தில் இல்லை என்பது கட்டணம் போடுகிறவருக்குத் தூக்கத்திலும் நினைவிருக்க வேண்டும்.

நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் இது நடந்தது. கட்டணத்தை முழுக்க இறக்கிய அடுத்த மாதம் விமானங்கள் நிரம்பி வழிந்தன. லோட் ஃபேக்டர், அதாவது எத்தனை சதவீத இருக்கை நிரம்பியது என்று காட்டும் வரைபடம், செங்குத்தாக ஏறியது. கூட்டத்தில் கைதட்டினார்கள். கணக்குப் பிரிவிலிருந்த ஒரு பெண் மட்டும் எழுந்து, விமானம் நிரம்ப நிரம்ப நஷ்டமும் கூடுகிறது சார் என்றார். அவரை உட்காரச் சொல்லிவிட்டார்கள். விமான நிலையக் கட்டண நிலுவை அப்புறம் ஏறிக்கொண்டே போனது. அந்தப் பெண் சொன்னதை அன்றைக்கே கேட்டிருந்தால் குறைந்தது சில வழித்தடங்களாவது மிஞ்சியிருக்கும்.

ஹவாய்த் தீவுகளில் நடந்ததை எல்லோரும் படிக்க வேண்டும். 2006 ஜூனில் அமெரிக்காவின் மெசா விமான நிறுவனம் ‘கோ!’ என்ற பெயரில் அங்கே இறங்கியது. தீவுக்குத் தீவு 39 டாலர் என்று அறிவித்தது. விமானங்கள் 50 இருக்கை சிஆர்ஜே ஜெட்கள். ஒரு இருக்கை விடாமல் 39-க்கு விற்றாலும் கிடைப்பது 1,950 டாலர்தான். ஏற்கெனவே அங்கே ஓடிக்கொண்டிருந்த அலோஹாவும் ஹவாயன் நிறுவனமும் கட்டணத்தை இறக்கின. அப்போதுதான் திவாலிலிருந்து மீண்டு வந்திருந்த அலோஹாவால் அதைத் தாங்க முடியவில்லை, எரிபொருள் விலையும் ஏறியது. 2008 மார்ச் 31-ஆம் தேதி, 61 வருடம் நடத்திய பயணிகள் சேவையை அது நிறுத்தியது. தொடங்கி வைத்த மெசாவும் 2010 ஜனவரியில் திவால் பாதுகாப்பு, அதாவது கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பு, கேட்டது. 2014-இல் ‘கோ!’ மூடப்பட்டது.

சரி, விலையை இறக்கவே கூடாதா? இறக்கலாம். எந்த ஃபிளைட்டில், எத்தனை இருக்கை, என்ன நிபந்தனையோடு என்று முடிவு செய்த பிறகு இறக்குங்கள். போட்டியாளரின் ஃபிளைட் மதியம் புறப்பட்டால், அதற்கு முன்னும் பின்னும் உள்ள உங்கள் சேவையில் மட்டும் சில இருக்கைகளை அந்த விலைக்குத் திறங்கள். மூன்று வாரம் முன்பே வாங்க வேண்டும், பணம் திரும்பக் கிடைக்காது என்று வையுங்கள். காலை முதல் ஃபிளைட்டையும் மாலைக் கடைசி ஃபிளைட்டையும் தொடாதீர்கள். நாளைக்கு நீதிமன்ற வாய்தா இருப்பவர், மருத்துவமனையில் அப்பாவைப் பார்க்கப் போகிறவர், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போகிறவர், இவர்களெல்லாம் கடைசி இரண்டு நாளில்தான் வாங்குவார்கள். அவர்களுக்கு நேரம்தான் முக்கியம். அந்த இருக்கைகளை இரண்டு மாதம் முன்பே 60-க்கு விற்றுத் தீர்த்துவிட்டால், அவர்கள் வேறு வழியில்லாமல் போட்டியாளரிடம் போய் 150 கொடுப்பார்கள். அவர் போட்ட குறைந்த விலைக்கான நஷ்டத்தை உங்கள் பயணிகளை வைத்தே அவர் ஈடுகட்டிக்கொள்வார்.

இறக்கிய விலையை மீண்டும் ஏற்றுவதும் லேசில்லை. ஒரு சீசன் முழுக்க 60 கொடுத்துப் பழகியவருக்கு 100 என்பது கொள்ளையாகத் தெரியும். பழைய விலைக்குத்தான் வந்திருக்கிறோம் என்று நீங்கள் எவ்வளவு விளக்கினாலும் அவர் காதில் ஏறாது.

சேவைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது

பணம் போகிறதே என்று முதலில் கை வைப்பது இங்கேதான். ஒரு நாளைக்கு நான்கு முறை போனதை இரண்டாக்குவார்கள். காலையில் போய் வேலையை முடித்து இரவு வீடு திரும்ப முடிகிறது என்பதற்காகத்தான் பயணி உங்களிடம் கூடுதலாகக் கொடுத்தார். 180 இருக்கை விமானத்தைச் சிறிய ஊருக்கு நாளுக்கு நான்கு முறை அனுப்பப் பெரிய நிறுவனத்தால் முடியாது, அவ்வளவு ஆள் இல்லை. அவரால் செய்ய முடியாத அந்த ஒரே விஷயத்தை நீங்களாகவே விட்டுவிடாதீர்கள். குறைத்தே ஆக வேண்டுமென்றால், நஷ்டம் தரும் ஒரு வழித்தடத்தை முழுதாக மூடிவிட்டு மற்றதில் எண்ணிக்கையைக் காப்பாற்றுங்கள்.

முன்பதிவுப் பணத்தை வருமானமாக எண்ணுவது

மூன்று மாதம் கழித்துப் பறக்கப்போகிற பயணி இன்று கொடுக்கும் பணம் உங்களுடையது அல்ல. அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வரை அது கடன். சம்பளம் போட வேண்டும், அதற்கு ஒரு தள்ளுபடி விற்பனை அறிவிப்போம் என்று ஒரு தடவை ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. இந்த மாதச் சம்பளத்துக்கு அடுத்த மாத இருக்கைகள், அடுத்த மாதத்துக்கு அதற்கடுத்த மாத இருக்கைகள். அந்த நாள் வரும்போது விமானம் நிறைய ஆள் இருப்பார்கள், எரிபொருள் போடப் பணம் இருக்காது.

பலர் யோசிக்காத ஆபத்து ஒன்று இதில் ஒளிந்திருக்கிறது. கிரெடிட் கார்டு பணத்தை உங்களுக்குக் கைமாற்றும் நிறுவனம், நீங்கள் தள்ளாடுகிறீர்கள் என்று உணர்ந்தால் பயணி பறந்து முடிக்கும் வரை பணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 2008 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃபிரான்டியர் நிறுவனம் திவால் பாதுகாப்புக்குப் போனது இதனால்தான். கார்டு பணத்தில் பெரும்பகுதியை இனி நிறுத்தி வைக்கப்போவதாக அதன் கார்டு பணத்தைக் கைமாற்றிய ஃபர்ஸ்ட் டேட்டா நிறுவனம் சொன்னதும் கையிருப்பைக் காப்பாற்ற வேறு வழி இல்லாமல் போனது. விற்பனை நன்றாக நடக்கும்போதே இது வரும். உங்கள் கார்டு ஒப்பந்தத்தில் அந்த ஷரத்து எந்தப் பக்கத்தில் இருக்கிறது, எந்த நிலையில் அமலாகும் என்று இன்றே எடுத்துப் படியுங்கள்.

போர் நடுவே பெரிய விமானம் எடுப்பது

இருக்கைச் செலவுதான் பிரச்சினை, பெரிய விமானம் எடுத்தால் சரியாகிவிடும் என்று ஒரு கட்டத்தில் யாராவது சொல்வார்கள். வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்திலிருந்து 50 இருக்கை ஜெட்களோடு 2004 ஜூனில் மலிவுக் கட்டண நிறுவனமாக மாறிய இன்டிபென்டன்ஸ் ஏர், ஏர்பஸ் ஏ319 விமானங்களையும் சேர்த்தது. 2006 ஜனவரி 5-ஆம் தேதி எல்லாம் நின்றுபோனது. பிரிட்டனின் ஃப்ளைபி, தன் பாதைகளுக்குப் பெரிதான எம்ப்ரேயர் 195 ஜெட்களின் குத்தகையில் மாட்டிக்கொண்டு அவற்றைக் கழற்றிவிடவே வருடக்கணக்கில் போராடியது. 2020 மார்ச்சில் அது விழுந்தது. இரண்டு வகை விமானம் என்றால் இரண்டு வகை விமானிகள், இரண்டு கிடங்கு உதிரிபாகம், இரண்டு பயிற்சிச் செலவு. சிறிய நிறுவனம் இதைச் சுமக்காது. குத்தகை வாடகை டாலரில், டிக்கெட் வரவு உள்ளூர் நாணயத்தில் என்றால் இன்னும் மோசம்.

வழக்கை நம்பி உட்கார்ந்திருப்பது

சிறிய நிறுவனங்களை விரட்ட டெக்சாஸின் டல்லாஸ் நகரத்தில் விலையைக் குறைத்தது என்று அமெரிக்க அரசே 1999-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மீது வழக்குப் போட்டது; 2001-இல் தோற்றது, 2003-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது.

விமானிகள் போவதைக் கடைசியில் கவனிப்பது

கேப்டன்கள் விலகல் கடிதம் கொடுத்த பிறகு சம்பளத்தைப் பற்றிப் பேசாதீர்கள்.

உதவித்தொகை முடியும் தேதியை மறப்பது

சிறிய ஊர்களை இணைக்க அரசு தரும் உதவித்தொகை போர்க்காலத்தில் பெரிய ஆறுதல்தான். இந்தியாவின் உடான் திட்டத்தில் தேர்வான வழித்தடத்துக்கு மூன்று வருடம் பண உதவியும், வேறு யாரும் அதில் நுழையாத தனி உரிமையும் கிடைத்தன. மத்திய தணிக்கை அதிகாரியின் 2023 அறிக்கையைப் பாருங்கள். ஒதுக்கிய 774 வழித்தடங்களில் 371-தான் தொடங்கின. மூன்று வருடத்தை முழுதாக முடித்தவை 112. அதற்குப் பிறகும் 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்தவை 54.

உதவி இருக்கும்போது போட்ட கட்டணத்தை வைத்துக்கொண்டு, உதவி நின்ற பிறகு என்ன செய்வது என்று அந்த மாதத்தில் யோசிப்பவர்களே அதிகம். தனி உரிமையும் அதே நாளில் முடிகிறது என்பதால், நீங்கள் மூன்று வருடம் உழைத்துப் பழக்கிய பயணிகளைத் தேடிப் பெரிய நிறுவனமும் அப்போதுதான் வரும். முதல் வருடத்திலிருந்தே ஒவ்வொரு வழித்தடத்துக்கும் இரண்டு கணக்கு எழுதுங்கள், உதவியோடு ஒன்று, உதவி இல்லாமல் ஒன்று. இரண்டாவது கணக்கு இரண்டாம் வருட முடிவிலும் தேறவில்லை என்றால், அந்த விமானம் அடுத்து எங்கே பறக்கும் என்பதை அப்போதே முடிவு செய்துவிடுங்கள். வேறு ஊரில் தரையிறங்கும் நேரம் வாங்கவும், ஆட்களை அமர்த்தவும், டிக்கெட்டை விற்பனைக்குத் திறக்கவும் மாதங்கள் பிடிக்கும்.