உள்ளே கூடான சுவர்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்குப் பிளாஸ்டர்போர்டு குறித்து

இங்கிலாந்தில் அண்மைக் காலத்தில் கட்டப்பட்ட வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் அறைகளைப் பிரிக்கும் சுவர்களில் பெரும்பாலானவை செங்கல் சுவர்கள் அல்ல. மரச்சட்டங்களையோ மெல்லிய உலோகச் சட்டங்களையோ 400 அல்லது 600 மில்லிமீட்டர் இடைவெளியில் நட்டு, அவற்றின் இருபுறமும் பிளாஸ்டர்போர்டு பலகைகளைத் திருகி எழுப்பியவை அவை. பலகை என்பது இரண்டு தடித்த தாள்களுக்கு நடுவே உறைந்த ஜிப்சம்தான். அதனால் ஊரில் செய்வதுபோல ஆணியைச் சுத்தியலால் அடித்துக் கனமான படத்தை மாட்டினால், சில நாட்களில் படமும் சுவரின் ஒரு துண்டும் சேர்ந்தே கீழே வரும். விரலால் தட்டிப் பார்த்துக் கூடான ஒலி கேட்டால் பிளாஸ்டர்போர்டு என்று கொள்ளலாம். ஆனால் வெளிச்சுவரின் உட்புறத்திலும் அதே ஒலி வரக்கூடும். அங்கே பலகையைச் செங்கல் மீது பசை உருண்டைகளால் ஒட்டியிருப்பார்கள், சிறு இடைவெளிக்கு அப்பால் உறுதியான செங்கல் இருக்கும்.

வாடகை வீடாக இருந்தால் எந்தத் துளைக்கும் முன்னதாக வீட்டுக்காரரிடமோ முகவரிடமோ எழுத்தில் அனுமதி பெறுங்கள். நீங்கள் கொடுக்கும் முன்பணத்தை வீட்டுக்காரர் அரசு அங்கீகரித்த காப்புத் திட்டமொன்றில் வைக்க வேண்டும் என்ற விதி 2007 முதல் நடைமுறையில் உள்ளது. வெளியேறும்போது தகராறு வந்தால் அந்த அனுமதிக் கடிதமும் குடிபுகுந்த நாளில் எடுத்த படங்களும்தான் உங்களுக்காகப் பேசும்.

துளையிடும் இடத்தைத் தேர்வதில் காட்டும் பொறுமை மற்ற எல்லா வேலையையும் எளிதாக்கும். மின்கம்பிகள் பொதுவாக ஸ்விட்சிலிருந்தும் பிளக் பாயிண்டிலிருந்தும் நேர் மேலாகவோ, நேர் கீழாகவோ, கிடைமட்டமாகவோ ஓடும். கூரையை ஒட்டியும் மூலைகளை ஒட்டியும் உள்ள 150 மில்லிமீட்டர் அகலப் பட்டையிலும் அவை இருக்கலாம். இந்த இடங்களை விட்டு விலகுங்கள், அதன் பிறகும் கம்பி கண்டறியும் கருவியால் தடவிப் பாருங்கள். பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்களை மலிவான கருவிகள் காட்டிக்கொடுப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பலகைக்குப் பின்னால் மரச்சட்டமோ உலோகச் சட்டமோ எங்கே இருக்கிறது என்று அறிய வலுவான சிறு காந்தம் போதும்: சுவரில் மெல்ல நகர்த்தினால் பூச்சுக்குள் மறைந்திருக்கும் திருகாணித் தலைகளில் அது ஒட்டும், அவை ஒரே செங்குத்துக் கோட்டில் அமைந்தால் பின்னால் சட்டம் இருக்கிறது.

சிறிய படத்துக்குப் பலகையே தாங்கும். ஓரளவு கனமானவற்றுக்குப் பலகையின் பின்புறம் விரிந்து பிடிக்கும் உலோக நங்கூரங்கள் கடைகளில் கிடைக்கும். செங்கல் சுவரில் திருகாணியைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் சாதாரண பிளாஸ்டிக் பிளக் இங்கே உதவாது. தொலைக்காட்சி, சமையலறை அலமாரி, பித்தளை விளக்குகளோடு கூடிய சாமித்தட்டு ஆகியவற்றைச் சட்டத்திலேயே திருக வேண்டும். நங்கூரத்தின் உறையில் எத்தனை கிலோ என்று அச்சிட்டிருந்தாலும், முன்னோக்கி நீண்டிருக்கும் தட்டு சுவரை இழுக்கும் விசை அந்தக் கணக்கில் அடங்காது என்பதே என் கருத்து.

புதிய சுவர் எழுப்புவதானால் முதலில் ஓர் எச்சரிக்கை. வரவேற்பறையை மறித்து இன்னொரு படுக்கையறை ஆக்கும் ஆசை நம்மவரிடையே உண்டு. தீ ஏற்பட்டால் தப்பும் வழி, காற்றோட்டம் ஆகியவை குறித்த கட்டட விதிகள் அதில் குறுக்கிடும் என்பதால் உள்ளூர் கவுன்சிலின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

வழக்கமான பலகை 2400 மில்லிமீட்டர் நீளம், 1200 அகலம், 12.5 தடிப்பு கொண்டது. எடை இருபது கிலோவுக்கு மேல் என்பதால் தூக்க இருவர் வேண்டும். சாம்பல் அல்லது வெளிர் நிறப் பலகை பொது உபயோகத்துக்கு, பச்சை ஈரப்பதமுள்ள அறைகளுக்கு, இளஞ்சிவப்பு தீத்தடுப்புக்கு, நீலம் ஒலித்தடுப்புக்கு. பச்சைப் பலகை ஈரத்தைத் தாங்குமே தவிர நீர் புகாதது அல்ல. ஷவர் நீர் நேரடியாக விழும் இடத்துக்கு ஓடு பதிப்பதற்கென்றே விற்கும் சிமெண்ட் பலகையை வாங்குங்கள். வெறும் பிளாஸ்டர்போர்டு சதுர மீட்டருக்கு 32 கிலோ வரை ஓடுகளைத் தாங்கும், மேலே பூச்சு பூசிய பிறகு 20 கிலோதான்.

வெட்டுவதற்கு ரம்பம் தேவையில்லை. முகப்புத் தாளைக் கத்தியால் கீறி, பலகையைப் பின்பக்கமாக மடக்கினால் நேராக முறியும். பிறகு பின்தாளை அறுத்துவிடலாம். தரையிலிருந்து 10 முதல் 15 மில்லிமீட்டர் விட்டுப் பலகையை நிறுத்துங்கள், சுவரின் அடியோரத்தில் பொருத்தும் மரப்பட்டை (skirting) அந்த இடைவெளியை மறைத்துவிடும். 38 மில்லிமீட்டர் திருகாணிகளை 300 மில்லிமீட்டருக்கு ஒன்றாக, தாள் சுற்றிய விளிம்பிலிருந்து குறைந்தது 10 மில்லிமீட்டர் உள்ளே முடுக்குங்கள். திருகாணித் தலை தாளைக் கிழிக்காமல் மேற்பரப்புக்குச் சற்றே கீழே அமிழ வேண்டும். தாள் கிழிந்தால் பிடிமானம் போய்விடும், சிறிது தள்ளி இன்னொன்றைப் போட வேண்டும். ஒவ்வொரு பலகையையும் ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள்.

இனி முடிப்பு வேலை, சுவரின் அழகு இங்கேதான் தீர்மானமாகிறது. இந்நாட்டில் சுவர் முழுவதும் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தடிப்பில் பிளாஸ்டர் பூசுவது நெடுநாள் வழக்கம். கலவை இறுகத் தொடங்கிவிட்டால் கை காத்திருக்க முடியாது. பழகாதவர் பூசினால் கரண்டியின் தடங்களே சுவராகிவிடும். ஆகவே அதைப் பூச்சுக்காரரிடம் விட்டுவிட்டு, விளிம்பு சரிவாக மெலிந்த பலகைகளை வாங்கி இணைப்புகளை மட்டும் பட்டி பார்க்கும் முறையைப் பரிந்துரைக்கிறேன். இரு பலகைகள் சேரும் பள்ளத்தில் இணைப்புப் பட்டியை நிரப்பி, அது ஈரமாக இருக்கும்போதே தாள் நாடாவைப் பதித்து, அகலக் கத்தியால் காற்றுக் குமிழிகள் வெளியேறும்படி அழுத்துங்கள். காய்ந்தபின் அடுத்த பூச்சை இன்னும் அகலமாகவும், மூன்றாவதை அதைவிட அகலமாகவும் இழுத்து, ஓரங்களைக் கண்ணுக்குத் தெரியாதபடி மெலியச் செய்ய வேண்டும். டப்பாவில் கலந்தே விற்கும் பட்டி காயக் குளிர்காலத்தில் ஒரு நாளும் போதாமல் போகலாம். மேலே காய்ந்ததாகத் தோன்றினாலும் உள்ளே ஈரமிருந்தால் பின்னர் சுருங்கிப் பள்ளமாகும். மெல்லிய உப்புத்தாளால் தேய்க்கும்போது கைவிளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் மேடுபள்ளம் எல்லாம் நிழலாகத் தெரியும். முகக்கவசம் அணியாமல் தேய்க்காதீர்கள்.

தாளும் பட்டியும் பெயிண்டை ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. முதலில் பிளாஸ்டர்போர்டுக்கான பிரைமரைப் பூசாவிட்டால் இணைப்புகள் கோடுகளாகத் தெரியும். முழுப் பூச்சுப் பூசிய சுவரானால், அது வெளிர் இளஞ்சிவப்பாக முழுதும் உலரும்வரை காத்திருந்து, வினைல் கலக்காத எமல்ஷனைத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து முதல் கை பூசுங்கள். இல்லையேல் பெயிண்ட் தோலாக உரிந்து வரும்.

கதவுப்பிடி இடித்து விழுந்த ஓட்டையையும் இதே முறையில் அடைக்கலாம். ஓட்டையைச் சதுரமாக வெட்டி, உள்ளே ஒரு மரத்துண்டைக் குறுக்கே நுழைத்து இரு ஓரங்களிலும் திருகி, அதன் மேல் புதுப் பலகைத் துண்டைப் பொருத்தி நாடாவும் பட்டியும் இடுங்கள்.

2000-க்கு முன் கட்டிய வீடுகளில் கூரையிலோ சுவரிலோ சுழிசுழியான அலங்காரப் பூச்சைக் கண்டால் தேய்க்கவோ துளையிடவோ வேண்டாம். அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அதன் பயன்பாடு பிரிட்டனில் முழுவதுமாகத் தடைசெய்யப்பட்டது 1999-இல்தான். மாதிரியை ஆய்வுக்கு அனுப்பிய பின்பே அதைத் தொட வேண்டும்.

மீந்த துண்டுகளை வீட்டுக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். மக்கும் குப்பையோடு புதைந்தால் ஜிப்சத்திலிருந்து நச்சுத்தன்மையுள்ள ஹைட்ரஜன் சல்பைடு உருவாகும் என்பதால் பிளாஸ்டர்போர்டைத் தனியே சேகரிக்கிறார்கள். கவுன்சிலின் மறுசுழற்சி மையத்துக்குக் கொண்டு செல்லுமுன் இணையதளத்தைப் பாருங்கள். சில கவுன்சில்கள் அளவுக்கு வரம்பு வைக்கின்றன, சில முன்பதிவு கேட்கின்றன.