மாட்டுக்கும் நெல்லுக்கும் ஒரே வாரக் குறிப்பு: வட சென்னைப் பக்கம் தயாரிக்கும் முறை

ஐப்பசி பிறந்தால் டிவியில் அடியில் ஒரு வரி ஓடும்: "சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் கனமழைக்கு வாய்ப்பு." கொடுங்கையூரில் நாலு கறவை வைத்திருப்பவருக்கும் அதே வரி, மீஞ்சூரில் ரெண்டு ஏக்கர் சம்பா நட்டவருக்கும் அதே வரி. அதைப் பார்த்துவிட்டு ஒருத்தர் யூரியா போடலாமா என்று கேட்பார், இன்னொருத்தர் வைக்கோலை எங்கே ஏற்றுவது என்று கேட்பார். அந்த வரியில் ரெண்டுக்கும் பதில் இருக்காது.

அதனால் வாரத்துக்கு ரெண்டு தடவை ஒரு சின்ன வானிலைக் குறிப்பு தயாரித்து, மாதவரம் பக்கம் மாடு வளர்க்கிறவர்களுக்கும் சோழவரம், மீஞ்சூர் பக்கம் வயல் வைத்திருக்கும் சொந்தக்காரர்களுக்கும் வாட்ஸப்பில் அனுப்புகிறேன். உங்கள் ஏரியாவுக்கு நீங்களும் இதைச் செய்யலாம். செலவு கிடையாது. குழு ஆரம்பிப்பது, ஆப் இறக்குவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: எந்த மாவட்டத்தில் இருக்கிறீர்கள்?

சிரிக்காதீர்கள். 2018 இல் சென்னை மாவட்டத்தை விரித்தபோது மாதவரம், திருவொற்றியூர் வட்டங்கள் சென்னைக்கு வந்துவிட்டன. சோழவரம், மீஞ்சூர், பொன்னேரி இன்னும் திருவள்ளூரில்தான். சென்னையில் சேர்ந்த மணலியில் மாடு, மீஞ்சூரில் வயல் என்று இருப்பவர் ரெண்டு மாவட்ட அறிவிப்பையும் பார்த்தாக வேண்டும். திருவள்ளூர் என்பதும் சின்ன இடமில்லை. மேற்கே திருத்தணி, பள்ளிப்பட்டு, கிழக்கே பழவேற்காடு. பள்ளிப்பட்டில் கொட்டுகிற நாளில் பழவேற்காட்டில் வெயில் காயும்.

படி 2: எதைப் பார்க்க வேண்டும்

வானிலை ஆய்வு மையத்தின் வேளாண் வானிலை அறிக்கைதான் அடிப்படை. செவ்வாய், வெள்ளி ரெண்டு நாளும் மாவட்ட வாரியாக வெளியாகும். அடுத்த 5 நாளுக்கு மழை, அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலை, காலை மாலை ஈரப்பதம், காற்று, மேகமூட்டம் எல்லாம் அட்டவணையாக இருக்கும். மேக்தூத் ஆப்பில் இதைத் தமிழிலேயே படிக்கலாம்.

உழவன் ஆப் மானியம், விலை, காப்பீட்டுக்கு நல்லது. மழைக்கு நான் அதைத் திறப்பதில்லை. இடி மின்னலுக்குத் தாமினி ஆப், மாடு மேய்க்கிறவர் போனில் கட்டாயம் இருக்கட்டும். போன் கம்பெனிகள் தருகிற "மழை வாய்ப்பு 60%" வகை ஆப்களை நம்பி உரம் போடாதீர்கள். குடை எடுக்கலாமா என்று பார்க்க அது போதும், வயலுக்குப் போதாது. அடுத்த ரெண்டு மணி நேரம் என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமென்றால் சென்னை ராடார் படத்தைப் பாருங்கள்.

படி 3: அட்டவணையைப் படிப்பது (இங்கே நிதானம்)

எனக்கு ரொம்ப நேரம் பிடித்த இடம் இது. யாரும் விளக்கிச் சொல்வதில்லை என்பதால் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் தேதி. நம் ஊரில் மழை அளவு காலை 8.30 இலிருந்து மறுநாள் காலை 8.30 வரை கணக்கு. செவ்வாய்க்கிழமை வந்த அறிக்கையில் முதல் கட்டம் புதன்கிழமைத் தேதியில் இருக்கும். அதில் 40 மி.மீ. என்று போட்டிருந்தால் அது புதன் பகலில் பெய்யப் போகிற மழை என்று தோன்றும். செவ்வாய் காலையிலிருந்து புதன் காலைக்குள் பெய்யப் போகிறது என்றுதான் அதற்கு அர்த்தம். அறிக்கை உங்கள் கைக்கு வரும்போதே அந்த நேரத்தில் பாதி ஓடியிருக்கும். எனவே குறிப்பு எழுதும்போது ஒவ்வொரு கட்டத்தையும் "இந்த நாள் காலை முதல் அடுத்த நாள் காலை வரை" என்று மாற்றி எழுதுங்கள். வளர்கிற பயிருக்கு மேலுரம் போடுகிறவருக்கு அந்த ஒரு நாள் வித்தியாசத்தில் மூட்டை யூரியா கரைந்து வாய்க்காலில் போய்விடும்.

அடுத்து மழையின் பெயர்கள். 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. சென்னை மையம் பெய்த மழையைச் சென்டிமீட்டரில் சொல்லும், வேளாண் அறிக்கையில் மில்லிமீட்டர் இருக்கும். குறிப்பில் ஒன்றையே வையுங்கள். நான் வைப்பது மி.மீ. விவசாயிக்கு இன்னும் புரிய வேண்டுமா? 10 மி.மீ. மழை என்றால் ஒரு ஏக்கரில் ஏறக்குறைய 40,000 லிட்டர் தண்ணீர், ஒரு சென்ட்டில் 400 லிட்டர். இதைச் சொன்ன பிறகுதான் எங்கள் சித்தப்பா வடிகாலைப் பற்றிப் பேசவே ஆரம்பித்தார்.

மூன்றாவது, "ஓரிரு இடங்களில்", "ஒரு சில இடங்களில்", "அநேக இடங்களில்", "பெரும்பாலான இடங்களில்". இவை ஏனோதானோ என்று போடுகிற வார்த்தைகள் இல்லை. மாவட்டத்து மழைமானி நிலையங்களில் எத்தனை பங்கில் மழை பதிவாகும் என்பதன் அளவு இது: கால் பங்கு வரை ஓரிரு, பாதி வரை ஒரு சில, முக்கால் வரை அநேக, அதற்கு மேல் பெரும்பாலான. "ஓரிரு இடங்களில் கனமழை" வந்தால் உங்கள் தெருவில் பெய்யாமலே போகலாம். "பெரும்பாலான இடங்களில் மழை" என்று ரெண்டு நாள் தொடர்ந்து வந்தால் கனமழை என்ற சொல்லே இல்லாவிட்டாலும் மாட்டுக் கொட்டகை நனையும்.

நான்காவது, நிறம். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் உடனே வேலையில் இறங்கு. ஆரஞ்சு வந்த அன்றே கொட்டகை வேலையை முடிக்கச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு வந்த பிறகு தார்ப்பாய் விற்கிற கடையில் கூட்டம்தான் இருக்கும்.

மேகமூட்டம் 0 முதல் 8 வரை ஓர் எண்ணாக இருக்கும். 8 என்றால் வானம் முழுக்க மூடியிருக்கும். 7, 8 தொடர்ந்து வந்து, காலை ஈரப்பதம் 90க்கு மேல் நின்று, இரவு குளிராகவும் இருந்தால் நெல்லில் குலைநோய் (பூசண நோய்) இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

படி 4: மேலிருந்து வருகிற தண்ணீர்

வேறு ஊர்க் குறிப்புகளில் இது இருக்காது. வட சென்னையில் மழை நின்ற பிறகும் தண்ணீர் வரும். புழல் ஏரியின் முழு உயரம் 21.20 அடி, கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. நிரம்பி வழிந்தால் உபரி நீர் வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியாகக் கொசஸ்தலையாற்றில் சேரும். பூண்டி ஏரியைத் திறந்தாலும் கொசஸ்தலையாற்றின் கரையில் வல்லூர், எடையன்சாவடி, மணலி புதுநகர் எல்லாம் விழித்திருக்க வேண்டும். ஆந்திராவில் பிச்சாட்டூர் அணை திறந்தால் ஆரணியாறு வழியாகப் பொன்னேரிப் பக்கம் பாதிக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது நினைவிருக்கும். அந்தத் தண்ணீரில் மாட்டை இறக்கவும் கூடாது, குடிக்க விடவும் கூடாது.

ஏரி மட்டத்தைக் குடிநீர் வாரியம் தினமும் வெளியிடுகிறது. குறிப்பில் "புழல் இன்று இத்தனை அடி" என்று ஒரு வரி, 20 அடியைத் தாண்டினால் தடித்த எழுத்தில். 20 என்பது நானே வைத்துக்கொண்ட எல்லை, அரசு எல்லை இல்லை.

படி 5: எண்ணை வேலையாக மாற்றுவது

குறிப்பில் எண்கள் கொஞ்சமும் வேலைகள் அதிகமுமாக இருக்க வேண்டும். வயலுக்கு நான் வைத்திருக்கும் விதிகள் எளியவை. அடுத்த 48 மணி நேரத்தில் 25 மி.மீ.க்கு மேல் என்றால் மேலுரம் வேண்டாம், மருந்து தெளிக்கவும் வேண்டாம். 65 மி.மீ.க்கு மேல் என்றால் முந்தின நாளே வடிமடையைத் திறந்து வாய்க்காலில் கிடக்கும் ஆகாயத்தாமரையை வாரிவிட வேண்டும். வெள்ளத்தில் நின்று மஞ்சளித்த பயிருக்கு, தண்ணீர் வடிந்த பிறகு ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ ஜிங்க் சல்பேட்டை 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து இலைவழித் தெளிக்கச் சொல்வது வழக்கம். அளவில் சந்தேகம் இருந்தால் கிசான் கால் சென்டர் 1800-180-1551 இல் கேளுங்கள், தமிழில் பேசுவார்கள்.

மாட்டுப் பக்கம் கொஞ்சம் நீளம். தடுப்பூசி மழை வந்த பிறகு போடுகிற வேலை இல்லை. ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி வர ரெண்டு மூன்று வாரம் ஆகும். தொண்டை அடைப்பான், கோமாரி என்ற ரெண்டு நோய்க்கும் புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும். கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை அரசு முகாமே வரும், காதில் அடையாள எண் உள்ள வில்லை போட்ட மாடு என்றால் வேலை சுலபம்.

தீவனம்: பிண்ணாக்கு, தவிட்டு மூட்டையைப் பலகை மேல், சுவரை ஒட்டாமல் வையுங்கள். பூசணம் பிடித்த பிண்ணாக்கை வெயிலில் காயவைத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பூசண நஞ்சு காய்ந்தால் போகாது, பாலிலும் இறங்கும். மனசு வராவிட்டாலும் குப்பையில் கொட்டுங்கள்.

மடிநோய்க்கு ஒரு கைப்பழக்கம் போதும். பால் கறந்ததும் காம்புத் துளை மூட அரை மணி நேரம் ஆகும். அதுவரை மாடு சேற்றில் படுக்கக் கூடாது. கறந்த கையோடு தீவனம் வைத்தால் நின்றுகொண்டே தின்னும். மழைக்காலக் குறிப்பு எல்லாவற்றிலும் இந்த வரியைத் திரும்பத் திரும்பப் போடுகிறேன், படிக்கிறவர்கள் அலுத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

சிவப்பு எச்சரிக்கை இரவில் மாட்டைக் கட்டிவைத்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். மேட்டுக்கு ஓட்டிப் போங்கள், முடியாவிட்டால் கயிற்றையாவது அவிழ்த்துவிடுங்கள்.

எல்லாம் சேர்ந்தால் குறிப்பு இப்படி இருக்கும்:

"செவ்வாய் மாலை. புதன் காலை முதல் வியாழன் காலை வரை 70 மி.மீ. எதிர்பார்ப்பு, ஆரஞ்சு. புழல் 19.8 அடி. வயல்: இன்றைக்கே வடிமடை திற. யூரியா சனிக்கிழமைக்குத் தள்ளு. மாடு: ஐந்து நாள் வைக்கோலைப் பரண் மேல் ஏற்று. கறந்ததும் தீவனம். மாட்டு ஆம்புலன்ஸ் 1962."

இதைத் தாண்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். எழுத்தோடு அரை நிமிடக் குரல் பதிவும் அனுப்புங்கள். வயசானவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். வியாசர்பாடி அண்ணன் ஒருத்தர் எழுத்தைத் திறந்ததே கிடையாது. "நீ பேசி அனுப்புபா, சாணி அள்ளிக்கினே கேட்டுக்குறேன்" என்பார்.

மற்ற மாதங்கள், சுருக்கமாக

சித்திரை, வைகாசியில் மழையை விட வெயில்தான் செய்தி. மே 4 முதல் 28 வரை அக்னி நட்சத்திரம், மாட்டுக்கு நிழலும் நாள் முழுக்கத் தண்ணீரும். சொர்ணவாரி நெல் போட்டவர்களுக்குத் தண்ணீர் எங்கே என்பதே கேள்வி. ஆடி, ஆவணியில் சாயங்கால இடிமழை. மரத்தடியில் மாட்டைக் கட்டாதே என்று எழுதுங்கள். சம்பா நாற்று, வாய்க்கால் தூர் எல்லாம் அப்போதுதான். மார்கழி, தையில் பனி, குலைநோய், அறுவடை. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17% தாண்டக் கூடாது என்பதால் அறுவடை வாரத்தில் ஒரு தூறல் வந்தாலும் அது தலைப்புச் செய்தி.

பின்சேர்க்கை

மீஞ்சூரிலிருந்து ஒருத்தர், "மழை நல்லா பேஞ்சும் பயிர் நுனி கருகுதே" என்று கேட்டிருந்தார். அந்தப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருப்பது பழைய விஷயம். மழை விட்ட இடைவெளியில் ஆழ்குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சியிருந்தால் உப்பு காரணமாக இருக்கலாம். தண்ணீர் மாதிரியைச் சோதனைக்குக் கொடுங்கள். குறிப்பில் இப்போது "மழைநீரை வயலிலேயே கட்டு, மோட்டாரைப் போடாதே" என்று மீஞ்சூருக்கு மட்டும் தனி வரி சேர்த்திருக்கிறேன்.

இன்னொரு பின்சேர்க்கை

நிவாரணம் பற்றிக் கேள்விகள் நிறைய வந்ததால் இது. 2023 புயலுக்குப் பிறகு இறந்த பசு, எருமைக்கு 37,500 ரூபாய் என்று அரசு அறிவித்தது. 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். மாடு இறந்தால் கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்று இல்லாமல் எதுவும் நகராது. புதைப்பதற்கு முன்னால் 1962க்கோ பக்கத்து மருந்தகத்துக்கோ சொல்லுங்கள். பயிர்க் காப்பீட்டுக்கு சம்பாவுக்கு வழக்கமாக நவம்பர் நடுவில்தான் கடைசி நாள், ஆனால் அந்த ஆண்டுத் தேதியை உழவன் ஆப்பில் பார்த்துவிட்டுக் குறிப்பில் போடுங்கள். ஐப்பசி முதல் வாரக் குறிப்போடு ஒரு வேலை சேர்த்து அனுப்பலாம்: ஒவ்வொரு மாட்டையும் காது வில்லையின் 12 இலக்க எண் தெரிகிற மாதிரி படமெடுத்து, நிலத்தின் சிட்டா, அடங்கல் படத்தோடு வேறொருவர் போனுக்கும் அனுப்பி வைப்பது. உங்கள் போன் நனைந்தாலும் அது அங்கே இருக்கும்.