நீச்சல் குளம் வைத்திருப்பவர்களே, அந்த போர்டு உங்களைக் காப்பாற்றாது

ஏற்காட்டில் புதிதாக ஹோம்ஸ்டே தொடங்கிய ஒருவர் போன வாரம் தன் நீச்சல் குளத்தைப் பார்க்கக் கூப்பிட்டார். போனதும் கண்ணில் பட்டது போர்டுதான்: "சொந்தப் பொறுப்பில் குளிக்கவும். நிர்வாகம் பொறுப்பல்ல." நானும் ஒரு காலத்தில் என் குளத்தில் இதையேதான் எழுதி மாட்டியிருந்தேன். வழுக்கும் தரை, ஓடும் பிள்ளைகள் பற்றியெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

போர்டை நம்புவது

கோடை விழா சமயம், கூட்டம் நெரிந்தது. குளத்தருகே நிற்க வேண்டிய தம்பியை கார் நிறுத்தும் வேலைக்கு அனுப்பிவிட்டேன். கல்லூரிப் பையன் ஒருவன் நாலடித் தண்ணீரில் டைவ் அடித்தான். தாடையில் ஏழு தையல். கழுத்து தப்பியது தெய்வச் செயல். அவன் அப்பா கேட்டார்: "ஆழம் எங்கே எழுதியிருக்கீங்க?" எங்கேயும் எழுதவில்லை. போர்டைக் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சேலத்தில் வக்கீலைப் பார்த்தேன். காசு வாங்கிக்கொண்டு விருந்தினரைக் குளத்தில் இறக்கினால் பாதுகாப்பும் நம் கடமை, போர்டு எழுதி அதைக் கைகழுவ முடியாது என்றார். அடிபட்டவர் சேவைக் குறைபாடு என்று 2 வருடத்துக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். குதித்தவர் மீதும் தவறு இருந்தால் இழப்பீடு குறையலாம். நம் பங்கு நம்மோடுதான். கவனக்குறைவால் உயிரே போனால் இப்போது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 106-ஆம் பிரிவு. 5 ஆண்டு வரை சிறை.

1972-இல் டெல்லியில் ஓர் ஐந்து நட்சத்திர ஓட்டல் குளத்தில் டைவ் அடித்த வெளிநாட்டு விமானிக்குத் தலையில் அடிபட்டு கை கால்கள் செயலிழந்தன. 1997-இல் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி 50 லட்சம் ரூபாய் தரச் சொன்னார். அதற்குள் அவர் இறந்தே பல வருடம் ஆகியிருந்தது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பும் நிற்கவில்லை. வழக்கு அத்தனை வருடம் இழுத்தது. குளத்தின் விளிம்பில் ஆழத்தைப் பெயின்டில் எழுத ஒரு மணி நேரம் போதும். அதைச் செய்யாமல் போர்டுக்குச் செலவு செய்வதைப் பார்த்தால் இன்றும் கோபம் வருகிறது.

கலங்கிய தண்ணீர்

குளத்தின் அடித்தரை தெரியாவிட்டால் குளத்தை மூடுங்கள்.

உடைந்த வடிகால் மூடி

பம்ப் இழுக்கும் வேகத்தில் குழந்தையின் முடி சிக்கிக்கொள்ளும். அன்றைக்கே மாற்றுங்கள்.

108 வரட்டும் என்று நிற்பது

சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மூச்சு நின்றால் சில நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்படும். 108-க்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை நெஞ்சை அழுத்தி மூச்சு ஊத வேண்டும். அதற்குப் பயிற்சி எடுத்த ஆள் குளக்கரையில் இல்லாத நாளில் கேட்டைப் பூட்டிவிடுங்கள்.