பழைய போட் எஞ்சினுக்கு மாற்றுப் பொயின்ட், கண்டென்சர்

முல்லைத்தீவிலோ நாச்சிக்குடாவிலோ பழைய ஜோன்சன், எவின்ரூட் போட் எஞ்சின் கையில் கிடைத்தால், மாற்றுச் சாமானின் பெட்டியை நம்பாமல் மீற்றரை நம்புங்கள். கண்டென்சரை, அதாவது மின்னைத் தேக்கும் சிறு சாமானை, பூட்ட முன்பே அளந்து பாருங்கள். பொயின்ட் (திறந்து மூடித் தீப்பொறியை எழுப்பும் தொடுமுனை) வகை மொடல்கள் பலவற்றுக்கு 0.18 முதல் 0.22 மைக்ரோஃபரட் காட்ட வேண்டும். குளிரில் சரியாகக் காட்டிவிட்டுச் சூட்டில் கசிவதும் உண்டு. ஓடி நின்ற எஞ்சின் திரும்பப் பிடிக்காவிட்டால் முதலில் அதைச் சந்தேகியுங்கள்.

மலிவுச் சாமான் காலை வாருவது பெரும்பாலும் பொயின்டில்தான். கமில் (பொயின்டைத் தள்ளித் திறக்கும் சுழலும் மேடு) உரசும் கட்டை மென்மையானால் சீக்கிரம் தேயும், இடைவெளி சுருங்கும், தீப்பொறி பிந்தும். பொயின்ட் இடைவெளியை 0.020 அங்குலம் (0.5 மி.மீ.) வைத்து, கமில் துளி கிரீஸ் பூசி, சில மணித்தியாலம் ஓடியபின் மீண்டும் அளந்து பாருங்கள். புதுப் பொயின்டின் முகத்தில் எண்ணெய்ப் படலம் இருக்கும். சுத்தமான காகித மட்டைத் துண்டை இடையில் விட்டு இழுங்கள். ஒரிஜினல் பொயின்ட் குழி விழாமல் இருந்தால், எறியாமல் அதையே துடைத்துப் போடலாம்.

பிளக் வயர் செப்புக் கம்பி உள்ளதாக இருக்கட்டும். கார்பன் வயர் இதற்குச் சரிவராது.