பிளஸ் டூ பிள்ளைக்கு வீட்டிலிருந்து துணை நிற்பது எப்படி?

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளில் ஒரு படபடப்பு வந்து குடியேறிவிடுகிறது. ஜனவரியில் திருப்புதல் தேர்வுகள், பிப்ரவரியில் செய்முறைத் தேர்வுகள், மார்ச்சில் அரசுப் பொதுத்தேர்வு என்று அடுக்கடுக்காக வரும் அந்த மாதங்களில், "நாங்கள் படிக்காதவர்கள், பிள்ளைக்கு எப்படி உதவ முடியும்?" என்று பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பிப்பவன் என்ற முறையில் நான் சொல்லும் பதில் இதுதான்: பாடம் சொல்லித்தர ஆசிரியர்கள் இருக்கிறோம், தூக்கத்தையும், நேரத்துக்குச் சாப்பாட்டையும், பயமில்லாமல் பேசுவதற்கு ஓர் இடத்தையும் எங்களால் தர முடியாது. அவற்றை வீடுதான் தர வேண்டும்.

முதலில் மதிப்பெண் கணக்கைப் பெற்றோரும் தெரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் பாதிப் பயம் கணக்கு தெரியாததால் வருவது. பாடத்துக்கு 100 வீதம் ஆறு பாடங்களுக்கு மொத்தம் 600 மதிப்பெண்கள். இயற்பியல், வேதியியல் போன்ற செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. தேர்ச்சி பெற எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 மதிப்பெண்ணும், மொத்தத்தில் 35 மதிப்பெண்ணும் வேண்டும். கணிதம், மொழிப்பாடங்கள் போன்றவற்றில் எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. எழுத்துத் தேர்வில் குறைந்தது 25 எடுத்தாக வேண்டும். "இயற்பியலில் பெயிலாகிவிடுவேன்" என்று அழுதுகொண்டு வந்த ஒரு மாணவனை உட்காரவைத்து, வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் மட்டுமே 15 இருப்பதையும், செய்முறைப் பதிவேட்டை முடித்து வைத்தாலே எவ்வளவு பாரம் குறையும் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனவன், மறுநாள் முதல் பாடத்தின் புத்தகப் பயிற்சி வினாக்களைப் படித்து முடித்துவிட்டு வந்தான். அகமதிப்பீட்டில் வருகைப்பதிவுக்கும் பங்கு உண்டு என்பதால், "வீட்டிலிருந்தே படிக்கட்டும்" என்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திவிடாதீர்கள்.

நேர அட்டவணை போடுவதைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். அதைக் காப்பது உங்கள் வேலை. காலையில் சிறப்பு வகுப்பு, பகல் முழுவதும் பள்ளி, மாலையில் டியூஷன் என்று ஓடிவிட்டு இரவு எட்டரை மணிக்கு வீட்டுக்குள் நுழையும் பிள்ளையிடம், செருப்பைக் கழற்றும் முன்பே "உட்கார்ந்து படி" என்று சொல்வது வேண்டாம். சாப்பிட்டு, அரை மணி நேரம் சும்மா இருந்து, பிறகு ஒன்றரை மணி நேரம் படித்தாலே அன்றைக்குப் போதும். விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்ப நினைப்பவர்கள் இரவு ஒன்பதரைக்கே விளக்கை அணைத்துவிட வேண்டும். இரவும் விழித்து, விடியலிலும் எழுந்து படிக்கும் பிள்ளை வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். படித்தது மனத்தில் தங்குவதற்குத் தூக்கம் வேண்டும். செல்போனைப் பிடுங்குவதால் சண்டைதான் மிஞ்சும். படிக்கும் நேரத்திலும் இரவிலும் வீட்டில் எல்லோருடைய செல்போனும் கூடத்தில் ஒரே இடத்தில் இருக்கும் என்று முடிவெடுத்து, அப்பாவும் அம்மாவும் முதலில் கொண்டுபோய் வைத்தால் பிள்ளையும் வைப்பான்.

மனநிலையைக் கவனிப்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது; நாம் தவறவிடுவதும் அதைத்தான். ஒரு மாணவி தொடர்ந்து நான்கு நாள் டிபன் பாக்ஸைத் திறக்காமலே மூடி எடுத்துப் போனதை, அவளுடைய பக்கத்து இருக்கைத் தோழி சொல்லித்தான் அறிந்தேன். வீட்டில் கேட்டபோது, "சாப்பாடு தீர்ந்துதான் வருகிறது" என்றார்கள். வழியில் நாய்க்குப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். சாப்பாடு குறைவது, தூக்கம் கெடுவது, காரணமில்லாத எரிச்சல், நண்பர்களிடமிருந்து விலகுவது, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற பேச்சு ஆகியவை சில நாள்கள் நீடித்தால், அதைச் சோம்பல் என்றோ நடிப்பு என்றோ ஒதுக்காமல் அருகில் உட்கார்ந்து கேளுங்கள். புத்திமதி அப்போது வேண்டாம். "மார்க் எவ்வளவு வந்தாலும் நீ எங்கள் பிள்ளைதான், அடுத்து என்ன செய்வதென்று சேர்ந்து யோசிப்போம்" என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நாம் சொல்லாததைப் பிள்ளை தானே புரிந்துகொள்ளும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. சாவைப் பற்றிய பேச்சு ஒரு முறை வந்தாலும் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணும், 104 என்ற தமிழ்நாட்டின் சுகாதார உதவி எண்ணும் இதற்காகவே உள்ளன. பிள்ளையும் அழைக்கலாம், பெற்றோரும் அழைக்கலாம்.

தேர்வு நாளுக்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் தேவையில்லை. நுழைவுச்சீட்டையும் இரண்டு பேனாவையும் முந்தைய இரவே எடுத்து வைத்துவிட்டு, காலையில் வழக்கமான இட்லியோ தோசையோ கொடுத்து, தேர்வுக்கூடத்துக்கு அரை மணி நேரம் முன்னதாகச் சேரும்படி அனுப்பினால் போதும். வினாத்தாளைப் படிப்பதற்கென்று தரப்படும் முதல் 10 நிமிடத்தில் எதை முதலில் எழுதுவதென்று தேர்ந்துகொள்ளச் சொல்லுங்கள். பார்வைக் குறைபாடோ கற்றல் குறைபாடோ உள்ள பிள்ளைகளுக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. அதற்கான மருத்துவச் சான்றைத் தலைமை ஆசிரியரிடம் பல மாதங்களுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும், மார்ச்சில் ஓடிவந்து பயனில்லை.

தேர்வு முடிந்து பிள்ளை வெளியே வரும் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் நான் மிகவும் கவலைப்படுகிறேன். பள்ளி வாசலிலேயே வினாத்தாளை வாங்கி, வெயிலில் நின்றபடி ஒவ்வொரு வினாவாக "இதற்கு என்ன எழுதினாய்?" என்று கேட்கும் பெற்றோரைப் பார்க்கிறேன். இரண்டு ஒரு மதிப்பெண் வினாக்கள் தவறிப்போனது தெரிந்த பிள்ளை, அடுத்த தேர்வுக்கான படிப்பையும் அந்தக் கவலையிலேயே தொடங்குகிறது. வினாத்தாளை வாங்கி மடித்துப் பையில் வையுங்கள், தண்ணீர் கொடுங்கள், "பசிக்கிறதா?" என்று மட்டும் கேளுங்கள். தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். விடைகளைச் சரிபார்ப்பது கடைசித் தேர்வு முடிந்த பிறகு நடக்கட்டும்.

முடிவு வெளியாகும் நாளில் வீட்டில் ஒருவராவது பிள்ளையுடன் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். உறவினர்களின் அழைப்புகளை நீங்களே எடுங்கள். மதிப்பெண்ணில் ஐயம் இருந்தால் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்து, பார்த்த பிறகு மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம். ஒரு பாடத்தில் தவறியிருந்தால், சில வாரங்களிலேயே வரும் துணைத்தேர்வை எழுதி அதே ஆண்டில் கல்லூரியில் சேர முடியும். இவற்றுக்கெல்லாம் விண்ணப்பிக்கத் தரப்படுவது சில நாள்கள்தான் என்பதால், அழுது முடித்த மறுநாள் காலையில் பிள்ளையை அழைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்துவிடுங்கள்; விண்ணப்பத்தை நாங்கள் சேர்ந்து நிரப்பித் தருகிறோம்.