இரவுத் தொழுகையைத் தொடங்குவதும் தொடர்வதும்

கடமையான தொழுகைகளுக்கு அடுத்தபடியாகச் சிறந்தது இரவுத் தொழுகையே என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். இந்த நபிமொழியைக் கேட்டதும் ஆர்வம் கொள்வோர் பலர். அவர்களில் சிலர் முதல் இரவிலேயே எட்டு ரக்அத்தும் (ரக்அத் என்பது தொழுகையின் ஓர் அலகு) நீண்ட சூராக்களுமாக (குர்ஆன் அத்தியாயங்களுமாக)ப் பெரிய அளவில் ஆரம்பித்து, உடல் களைத்ததும் ஓரிரு வாரங்களில் முற்றிலும் விட்டுவிடுகிறார்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம், "இரவில் தொழுதுவந்து பின்னர் அதை விட்டுவிட்ட இன்னாரைப் போல் நீர் ஆகிவிடாதீர்" என்று நபியவர்கள் எச்சரித்தது இத்தகைய நிலையைப் பற்றித்தான். ஆகவே, எவ்வளவு தொழுவது என்பதைவிட, எந்த அளவை நம்மால் விடாமல் பேண முடியும் என்பதையே தொடங்குபவர் முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இரண்டு ரக்அத்தும், இரவு வணக்கத்தை ஒற்றைப்படை எண்ணிக்கையில் நிறைவு செய்யும் வித்ர் தொழுகையும் போதுமான தொடக்கமாகும்.

இந்த எளிமைக்குக் குர்ஆனிலேயே அடிப்படை இருக்கிறது. 73ஆம் அத்தியாயமான அல்முஸ்ஸம்மிலின் தொடக்க வசனங்கள் இரவில் நின்று வணங்குமாறு கட்டளையிட்டபோது, நபியவர்களும் தோழர்களும் ஏறத்தாழ ஓராண்டுக் காலம், பாதங்கள் வீங்கும் அளவுக்கு நின்று தொழுதார்கள் என்றும், 12 மாதங்களுக்குப் பின்னரே அந்த அத்தியாயத்தின் இறுதி வசனம் இறங்கிச் சுமையைக் குறைத்தது என்றும், அதன் பிறகு இரவுத் தொழுகை கடமை என்ற நிலையிலிருந்து உபரியான வணக்கமாக ஆனது என்றும் நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். நோயாளிகளையும், பொருளீட்டுவதற்காகப் பயணம் செய்வோரையும், இறைவழியில் போரிடுவோரையும் குறிப்பிட்டு, "இயன்ற அளவு ஓதுங்கள்" என்று அந்த இறுதி வசனம் கூறுகிறது. உழைத்துக் களைத்தவரையும் உடல்நலம் குன்றியவரையும் இறைவன் கணக்கில் கொண்டே இந்த வணக்கத்தை அமைத்திருக்கும்போது, நாமாக அதைக் கடினமாக்கிக்கொள்வதற்கு எந்தக் காரணமும் இல்லை.

நேரத்தைக் கணக்கிடுதல்

இரவின் கடமையான தொழுகையாகிய இஷாவை முடித்ததிலிருந்து வைகறைத் தொழுகையான ஃபஜ்ரின் நேரம் தொடங்கும் வரை எப்போது தொழுதாலும் அது இரவுத் தொழுகையே. உறங்கி எழுந்து தொழுவதையே தஹஜ்ஜுத் எனக் குறிப்பது ஷாஃபிஈ மத்ஹபின் (சட்ட மரபின்) வழக்கம். எனினும், படுக்கச் செல்வதற்கு முன் தொழுபவருக்கும் இரவு வணக்கத்தின் நன்மை உண்டு. இவற்றுள் மிகச் சிறப்பானது இரவின் கடைசி மூன்றில் ஒரு பகுதி. அந்நேரத்தில் இறைவன் முதல் வானத்திற்கு இறங்கி, "என்னை அழைப்பவர் உண்டா, நான் பதிலளிக்கிறேன், என்னிடம் கேட்பவர் உண்டா, நான் கொடுக்கிறேன், என்னிடம் பாவமன்னிப்புத் தேடுபவர் உண்டா, நான் மன்னிக்கிறேன்" என்று கூறுவதாக, நபிமொழித் தொகுப்புகளான புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற நபிமொழி தெரிவிக்கிறது.

இரவு என்பது இங்கே மஃக்ரிபிலிருந்து (சூரியன் மறையும் நேரத்திலிருந்து) ஃபஜ்ர் வரையிலான நேரமாகும். நள்ளிரவு 12 மணியை நடுவாக வைத்துக் கணக்கிடுவது சரியன்று. எடுத்துக்காட்டாக, மஃக்ரிப் மாலை 6.30க்கும் ஃபஜ்ர் அதிகாலை 5.00க்கும் தொடங்கும் காலத்தில் இரவின் நீளம் பத்தரை மணி நேரம். அதில் மூன்றில் ஒரு பங்கு மூன்றரை மணி நேரம். ஆகவே கடைசிப் பகுதி 1.30க்குத் தொடங்குகிறது. தாவூத் (அலை) அவர்களின் தொழுகையே இறைவனுக்கு மிகவும் விருப்பமானது என்று நபியவர்கள் கூறியுள்ளார்கள். அவர்கள் இரவில் பாதி உறங்கி, மூன்றில் ஒரு பங்கு நின்று வணங்கி, ஆறில் ஒரு பங்கு மீண்டும் உறங்குவார்கள். மேற்கண்ட கணக்கின்படி 11.45 வரை உறக்கம், அங்கிருந்து 3.15 வரை வணக்கம், பிறகு ஃபஜ்ர் வரை மீண்டும் உறக்கம் என்று அது அமையும். இதை அப்படியே பின்பற்ற இயலாதவர் ஃபஜ்ருக்கு அரை மணி நேரம் முன்னதாக எழுந்தாலே சிறப்பான நேரத்தை அடைந்துவிடுகிறார். பருவத்திற்கேற்ப இரவின் நீளம் மாறுவதால், அலாரத்தை ஒரே நேரத்தில் நிலையாக வைக்காமல் அவ்வப்போது மாற்றியமைத்துக்கொள்ள வேண்டும்.

முந்தைய மாலையில் செய்ய வேண்டியவை

அதிகாலையில் எழ முடியாமல் போவதற்கான காரணம் பெரும்பாலும் முன்னிரவிலேயே ஏற்பட்டுவிடுகிறது. இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபியவர்கள் வெறுத்தார்கள். கைப்பேசியில் கழியும் நேரத்திற்கும் இது பொருந்தும் என்றே நான் கருதுகிறேன். வயிறு நிரம்ப உண்ணாமல் இருப்பது, பகலில் வாய்ப்புள்ளவர் சிறிது நேரம் கண்ணயர்வது, உளூவுடன் (தொழுகைக்காகக் கைகால் முகம் கழுவிய தூய்மையுடன்) படுப்பது, படுக்கும்போது எழுந்து தொழ வேண்டும் என்று மனதார உறுதிகொள்வது ஆகிய யாவும் உதவும். இந்த உறுதிக்குத் தனி மதிப்பு உண்டு: இரவில் எழுந்து தொழும் எண்ணத்துடன் படுத்தவரை உறக்கம் மிகைத்துவிட்டால், அவர் எண்ணியதற்குரிய நன்மை எழுதப்படும் என்றும், அந்த உறக்கம் இறைவன் அவருக்கு வழங்கிய தர்மமாகும் என்றும் நபிமொழி இருக்கிறது.

வித்ரை எப்போது தொழுவது என்பதையும் படுக்கும் முன்னரே முடிவு செய்துகொள்ள வேண்டும். கடைசி இரவில் எழ மாட்டோம் என்று அஞ்சுபவர் படுப்பதற்கு முன் வித்ர் தொழட்டும், எழுவோம் என்று நம்புபவர் இரவின் இறுதியில் தொழட்டும், அதுவே மேலானது என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி கூறுகிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் முன்னதாகவே வித்ரைத் தொழுதுவிடுவது பாதுகாப்பானது. அதன் பின்னர் எழ நேர்ந்தால் இரண்டிரண்டு ரக்அத்களாக விரும்பியவரை தொழலாம். ஆனால் ஓர் இரவில் இரு வித்ர்கள் இல்லை என்பதால் மீண்டும் வித்ர் தொழக் கூடாது.

எழுந்ததும்

இரவுத் தொழுகை எப்படி இருந்தது என்பதை மிக அருகிலிருந்து நமக்குக் காட்டுபவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள். சிறுவராக இருந்தபோது தம் தாயின் சகோதரியும் நபியவர்களின் மனைவியுமான மைமூனா (ரலி) அவர்களின் வீட்டில் ஓர் இரவு தங்கி, தலையணையின் குறுக்குவாட்டில் படுத்துக்கொண்டார்கள். நபியவர்கள் ஏறத்தாழ நடு இரவில் எழுந்து அமர்ந்து, கையால் முகத்தைத் தடவி உறக்கத்தைப் போக்கிக்கொண்டு, ஆலு இம்ரான் அத்தியாயத்தின் இறுதிப் பத்து வசனங்களை ஓதினார்கள். பிறகு தொங்கவிடப்பட்டிருந்த தோல்பையிலிருந்து நீரெடுத்து அழகாக உளூச் செய்து தொழ நின்றார்கள். சிறுவரும் எழுந்து அவ்வாறே உளூச் செய்துவிட்டு இடப்பக்கத்தில் போய் நின்றபோது, நபியவர்கள் அவருடைய காதைப் பிடித்துத் தம் வலப்பக்கத்திற்குக் கொண்டுவந்தார்கள். பின்னர் இரண்டிரண்டு ரக்அத்களாக ஆறு முறை தொழுது, இறுதியில் வித்ர் தொழுதார்கள்.

செய்ய வேண்டியவை அனைத்தும் ஏறக்குறைய அதே வரிசையில்தான். எழுந்து அமர்ந்து இறைவனை நினைவுகூர்ந்து, மிஸ்வாக் குச்சியால் பல் துலக்கி, அவசரமில்லாமல் உளூச் செய்ய வேண்டும். உறங்குபவரின் பிடரியில் ஷைத்தான் மூன்று முடிச்சுகளைப் போடுகிறான் என்றும், அவர் எழுந்து இறைவனை நினைவுகூரும்போது ஒன்றும், உளூச் செய்யும்போது மற்றொன்றும், தொழும்போது கடைசி முடிச்சும் அவிழ்ந்து, உற்சாகத்துடன் காலைப் பொழுதை அடைகிறார் என்றும் நபிமொழி தெரிவிக்கிறது. படுக்கையிலிருந்து எழுவதுதான் மிகக் கடினமான கட்டம் என்பதையும், உளூவுக்குப் பிறகு உடல் இலகுவாகிவிடுவதையும் இதைச் செய்துபார்த்த எவரும் அறிவர். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் எழுப்பிக்கொள்வது விரும்பத்தக்கது. அவ்வாறு எழுப்பி, எழ மறுத்தால் முகத்தில் சிறிது நீரைத் தெளிப்பவருக்கு இறைவன் அருள் புரியட்டும் என்று நபியவர்கள் பிரார்த்தித்திருக்கிறார்கள்.

தொழும் முறை

முதலில் இரண்டு ரக்அத்களைச் சுருக்கமாகத் தொழ வேண்டும். இரவில் தொழ எழுபவர் இலேசான இரு ரக்அத்களைக் கொண்டு தொடங்கட்டும் என்பது நபியவர்களின் அறிவுரை. பின்னர் இரண்டு ரக்அத்துக்கு ஒரு ஸலாம் (தொழுகையை முடிக்கும் முகமன்) என்ற முறையில், நேரமும் தெம்பும் இருக்கும்வரை தொடரலாம். நிய்யத்தை (தொழும் எண்ணத்தை) மனதில் கொண்டால் போதும். தொழுகையின் அமைப்பு மற்ற உபரித் தொழுகைகளைப் போன்றதே. நிலையும் ருகூஉவும் (குனிதலும்) ஸஜ்தாவும் (நெற்றியைத் தரையில் வைத்தலும்) நீள்வது மட்டுமே இதன் தனித்தன்மை. ரமளானிலும் மற்ற மாதங்களிலும் நபியவர்கள் 11 ரக்அத்களுக்கு மேல் தொழுததில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கூறுகிறார்கள். 13 என்றும் அறிவிப்பு உண்டு. எனினும் "இரவுத் தொழுகை இரண்டிரண்டாகும், ஃபஜ்ர் வந்துவிடும் என்று அஞ்சினால் ஒரு ரக்அத் தொழுது ஒற்றைப்படையாக்குங்கள்" என்ற நபிமொழி எண்ணிக்கையைத் திறந்தே வைத்திருப்பதால், கூடுதலாகத் தொழுவதை அறிஞர்களில் பெரும்பாலோர் தடுக்கவில்லை.

எந்த சூராவையும் ஓதலாம். சிறிய சூராக்களை மட்டுமே மனனம் செய்திருப்பவர்கள் அதற்காகத் தயங்க வேண்டியதில்லை. ஒரே ரக்அத்தில் பல சிறிய சூராக்களை அடுத்தடுத்து ஓதி நிலையை நீட்டிக்கொள்ளலாம். பத்து வசனங்களை ஓதி நின்று வணங்கியவர் மறதியாளர்களில் ஒருவராக எழுதப்பட மாட்டார் என்ற நபிமொழி சிறிய அளவுக்கும் எவ்வளவு மதிப்பிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. குர்ஆனைப் பார்த்து ஓதித் தொழுவதை ஷாஃபிஈ மத்ஹப் அனுமதிக்கிறது. இமாம் அபூஹனீஃபா அவர்களின் கருத்துப்படி அது தொழுகையை முறிக்கும் என்பதால், அவரைப் பின்பற்றும் ஹனஃபிகள் மனனம் செய்ததையே ஓதிக்கொள்ள வேண்டும்.

வேகமாக ஓதி முடிப்பதில் பயனில்லை. ஹுதைஃபா (ரலி) அவர்கள் ஓர் இரவு நபியவர்களுடன் தொழுதபோது, இறைவனைத் துதிக்கும் வசனம் வந்தால் துதித்தும், அருளைப் பற்றிய வசனம் வந்தால் கேட்டும், தண்டனையைப் பற்றிய வசனம் வந்தால் பாதுகாப்புத் தேடியும் நபியவர்கள் நிதானமாக ஓதியதைக் கண்டார்கள். பொருள் தெரிந்து ஓதும் பத்து வசனங்களில் இது எவருக்கும் இயலும். இரவில் ஓதப்போகும் பகுதியின் தமிழாக்கத்தைப் பகலிலேயே ஒரு முறை வாசித்துக்கொள்ளுமாறு தொடங்குபவர்களை நான் வற்புறுத்துவேன். குரலைப் பொறுத்தவரை நடுத்தரமே சிறந்தது. மெதுவாக ஓதிய அபூபக்ர் (ரலி) அவர்களிடம் சற்று உயர்த்துமாறும், உரக்க ஓதிய உமர் (ரலி) அவர்களிடம் சற்றுத் தாழ்த்துமாறும் நபியவர்கள் கூறினார்கள். அருகில் உறங்குபவருக்கு இடையூறு நேருமாயின் மெதுவாகவே ஓத வேண்டும்.

அடியான் தன் இறைவனுக்கு மிக நெருக்கமாக இருப்பது ஸஜ்தாவில்தான் என்பதால், அங்கே அவசரப்படாமல் துஆக்களை (பிரார்த்தனைகளை) அதிகமாக்க வேண்டும். நபியவர்களின் இரவுத் தொழுகையில் ஒரு ஸஜ்தா, 50 வசனங்கள் ஓதும் நேரத்திற்கு நீண்டிருந்தது. அரபி அறியாதவர் தம் மொழியில் கேட்க விரும்புவதை ஸலாம் கொடுத்த பின் கேட்பது கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லாத வழி. நிற்க இயலாதவர் உட்கார்ந்து தொழலாம், அவருக்கு நன்மை குறையாது. நிற்க முடிந்தும் உட்கார்ந்து தொழுபவருக்கு உபரித் தொழுகையில் பாதி நன்மை உண்டு.

கண்ணயர்ச்சி மிகுந்தால் தொழுகையை நிறுத்திவிட்டு உறங்க வேண்டும். மன்னிப்புக் கேட்பதாக நினைத்துத் தன்னைத்தானே சபித்துக்கொள்ள நேரலாம் என்பதே நபியவர்கள் சொன்ன காரணம். சோர்வு வரும்போது பிடித்துக்கொள்வதற்காக ஸைனப் (ரலி) அவர்கள் பள்ளிவாசலின் இரு தூண்களுக்கு இடையே கட்டியிருந்த கயிற்றையும் நபியவர்கள் அவிழ்க்கச் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை இரவை (வியாழன் மாலை தொடங்கும் இரவை) மட்டும் தனியாகத் தேர்ந்து இரவு வணக்கத்திற்கு ஒதுக்குவதும் தடுக்கப்பட்டுள்ளது.

வித்ர்

வித்ரை ஹனஃபி மத்ஹப் வாஜிப் (கட்டாயமானது) என்கிறது. ஷாஃபிஈ உள்ளிட்ட பிற மத்ஹப்கள் வலியுறுத்தப்பட்ட சுன்னத் (நபிவழி) என்கின்றன. ஹனஃபிகள் மஃக்ரிபைப் போல இரண்டாம் ரக்அத்தில் அமர்ந்து, ஒரே ஸலாமில் மூன்று ரக்அத் தொழுவார்கள். மூன்றாவதில் சூரா ஓதிய பின் கைகளை உயர்த்தித் தக்பீர் கூறி, ருகூஉவுக்கு முன் குனூத் என்ற பிரார்த்தனையை ஓதுவார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் குறைந்தது ஒரு ரக்அத், அதிகபட்சம் 11. மூன்றாகத் தொழும்போது இரண்டில் ஸலாம் கொடுத்து ஒன்றைத் தனியாகத் தொழுவது மேலானது. அவர்களிடம் வித்ரில் குனூத் என்பது ரமளானின் பிற்பாதியில் மட்டுமே. மூன்று ரக்அத்களில் முறையே அல்அஃலா, அல்காஃபிரூன், அல்இக்லாஸ் ஆகிய சூராக்களை ஓதுவதும், முடித்தபின் "ஸுப்ஹானல் மலிகில் குத்தூஸ்" என்று மூன்று முறை கூறுவதும் நபிவழி. ஃபஜ்ருக்கு முன் எஞ்சும் நேரத்தை இஸ்திஃக்ஃபாரில் (பாவமன்னிப்புத் தேடுவதில்) கழிப்பது, அத்தாரியாத் அத்தியாயத்தில் இறைவன் புகழ்ந்துரைக்கும் நல்லடியார்களின் பண்பாகும்.

இவ்வளவும் செய்துவிட்டு ஃபஜ்ரைத் தவறவிடுபவர் பெரியதை இழந்து சிறியதைப் பெற்றவராவார். ஸுலைமான் இப்னு அபீ ஹஸ்மா என்பவரை ஃபஜ்ர் ஜமாஅத்தில் (கூட்டுத் தொழுகையில்) காணாத உமர் (ரலி) அவர்கள் அவருடைய தாயிடம் விசாரித்தபோது, இரவெல்லாம் தொழுததால் கண்ணயர்ந்துவிட்டார் என்று தாய் கூறினார். "இரவு முழுவதும் நின்று வணங்குவதைவிட ஃபஜ்ரை ஜமாஅத்தில் தொழுவதே எனக்கு விருப்பமானது" என்றார்கள் உமர் அவர்கள். வித்ருக்குப் பின் மீண்டும் படுப்பவர் இரண்டாவது அலாரத்தையும் வைத்துக்கொள்வது அவசியம்.

எழ முடியாமல் போன இரவுக்கும் வழி உண்டு. நோயாலோ வேறு காரணத்தாலோ இரவுத் தொழுகை தவறிவிட்டால் நபியவர்கள் பகலில் 12 ரக்அத்கள் தொழுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியுள்ளார்கள். இரவில் வழக்கமாக ஓதும் பகுதியை உறங்கித் தவறவிட்டவர் அதை ஃபஜ்ருக்கும் நண்பகல் தொழுகையான ளுஹருக்கும் இடையில் ஓதிவிட்டால் இரவில் ஓதியதாகவே எழுதப்படும் என்று உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியும் முஸ்லிமில் உள்ளது. ஆகவே சூரியன் நன்கு உயர்ந்த பின், ளுஹர் நெருங்குவதற்கு முன், வழக்கமான அளவை இரண்டிரண்டு ரக்அத்களாகத் தொழுதுவிட வேண்டும். வித்ர் தவறியிருந்தால் ஹனஃபிகள் அதைக் கட்டாயம் களாச் செய்ய (பின்னர் ஈடுசெய்து தொழ) வேண்டும், ஷாஃபிஈகளுக்கு அது விரும்பத்தக்கது.